ஒரே கார்! ஒன்றரைக் கோடி கார்!

1927-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டி ஹைலண்டு பார்க் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய மோட்டார் தொழிற்சாலை. அதன் உள்ளேயிருந்து ஒரு கார் வெளியே வந்தது. அதில் ஒரு தந்தையும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

தந்தைக்கு வயது 63. மெலிந்த உடம்பு. மகனுக்கு வயது 33.

அந்தக் கார் சாதாரணக் கார் அல்ல. ஒரே மாதிரியில் செய்யப்பட்ட ஒன்றரைக் கோடியாவது கார்!

அதுவரை உலகத்தில் வேறு எந்தக் காரும் அத்தனை செய்யப்பட்டது இல்லை. அப்படியானால் அன்று பெரிய திருவிழா அல்லவா நடந்திருக்க வேண்டும்?

நடக்கவில்லை. அந்தக் கார் இனிமேல் செய்யப்படாது என்று அறிவித்துவிட்டார்கள். சில நாட்களில் வேலை நின்றது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தந்தைதான் ஹென்றி போர்டு. மகன் எட்சல் போர்டு.

ஏழைக்கும் கார் கிடைக்க வழி செய்தவர் என்று உலகம் புகழ்ந்த மனிதர், தன் காரைத் தானே நிறுத்த வேண்டி வந்தது ஏன்? அதுதான் இந்தக் கதை.

குயவரும் தையல்காரரும்

கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன விஷயம்.

பொருள் செய்து விற்கிற எவரும், வேலையைத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் கண்டாக வேண்டும். என்ன செய்வது? எத்தனை செய்வது? எப்போது செய்வது?

தையல்காரரைப் பாருங்கள். நாம் துணி கொடுத்து, அளவு கொடுத்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கிறார். அவர் தைத்த சட்டை விற்காமல் கிடக்காது. ஆனால், ஒரு நாளைக்கு அவரால் எத்தனை தைக்க முடியும்? கூலியும் கூடுதல்.

ரெடிமேட் சட்டைக்காரர் அப்படி அல்ல. யாரும் கேட்கும் முன்பே ஆயிரம் சட்டை தைத்து அடுக்குகிறார். விலை குறைவு. ஆனால், விற்காவிட்டால் நஷ்டம் அவருடையது.

பொங்கலுக்குப் பானை செய்யும் குயவருக்கு இன்னொரு கவலை. மார்கழியில் கேட்பார்கள் என்று மார்கழியில் மட்டும் சக்கரத்தைச் சுற்றினால் கை போதாது. முன்கூட்டியே செய்து அடுக்கினால் இடம் வேண்டும், பணம் முடங்கும். ஐப்பசி மழையில் பானை காயாது.

இந்தக் கேள்விகள் சின்னக் குடிசையிலும் உண்டு. பெரிய ஆலையிலும் உண்டு. ஹென்றி போர்டு உயர்ந்தது இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கண்டதால்தான். சறுக்கியதும் இதே இடத்தில்தான்.

கடிகாரம் பழுது பார்த்த பையன்

ஹென்றி போர்டு 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார். ஊர், மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் பக்கம். தந்தை வில்லியம் போர்டு அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய விவசாயி.

ஹென்றிக்கு 12 வயதாக இருந்தபோது தாயார் மேரி இறந்துபோனார். பையனுக்கு அது பெரிய அடி.

அதே 1876-ம் ஆண்டில் இன்னொரு சம்பவம் நடந்தது. தந்தையோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒரு நீராவி எஞ்சின் வந்தது. குதிரை இழுக்கவில்லை. தானாகவே சாலையில் உருண்டு வந்தது! பையன் வண்டியிலிருந்து குதித்து ஓடினான். எஞ்சின்காரரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டான். குதிரை இல்லாத வண்டி என்ற ஆசை அன்று அவன் நெஞ்சில் விழுந்தது.

ஏர் பிடிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. 16 வயதில் டெட்ராய்ட் நகருக்குப் போய் இயந்திரப் பட்டறையில் சேர்ந்தான். சம்பளம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பற்றவில்லை. ஆகவே, இரவில் ஒரு நகைக்கடையில் கடிகாரம் பழுது பார்த்தான்.

அப்போது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரே மாதிரியான கைக்கடக்கமான கடிகாரத்தை ஒரு நாளைக்கு 2,000 வீதம் செய்தால், ஒரு கடிகாரத்துக்கு 30 சென்ட்தான் செலவாகும். முப்பது சென்டில் கடிகாரம்!

ஆனால், அவன் அந்தத் தொழிலில் இறங்கவில்லை. ஏன்? கணக்குப் போட்டுப் பார்த்தான். நாளுக்கு 2,000 என்றால் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஆகிறது. அத்தனையையும் வாங்க ஆள் வேண்டுமே! கடிகாரம் எல்லாருக்கும் தேவையான பொருள் அல்ல என்று அவனுக்குப் பட்டது. யோசனையைக் கைவிட்டான்.

செய்ய முடியுமா என்று மட்டும் பார்த்தால் போதாது. செய்ததை வாங்க ஆள் உண்டா என்றும் பார்க்க வேண்டும். இதை அந்த வயதிலேயே அவர் தெரிந்துகொண்டார்.

சுவரை இடித்து வந்த வண்டி

1888-ம் ஆண்டில் கிளாரா பிரையண்ட் என்ற பெண்ணை போர்டு மணந்தார். 1891-ல் டெட்ராய்ட் நகரில் எடிசன் மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் தலைமை என்ஜினீயர் ஆனார். அந்த 1893-ம் ஆண்டில்தான் மகன் எட்சல் பிறந்தான். அவர்களுக்கு ஒரே பிள்ளை.

பகலில் கம்பெனி வேலை. இரவில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்த வேலை. மனைவிக்கு இதில் சலிப்பு இல்லை. கணவருக்குத் துணையாக நின்றார்.

1896-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி விடியற்காலை வண்டி தயாரானது. நான்கு சைக்கிள் சக்கரம். பெட்ரோலில் ஓடும் எஞ்சின். வெளியே கொண்டுவரப் பார்த்தால் கொட்டகையின் கதவு சிறியது! வண்டி செய்யும் மும்முரத்தில் வாசலின் அகலத்தை அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. கோடரியை எடுத்தார். செங்கல் சுவரை உடைத்தார். வண்டி தெருவுக்கு வந்தது.

இரண்டு முறை தோல்வி

வண்டி ஓடிவிட்டது. இனிமேல் செய்து விற்க வேண்டும்.

1899-ம் ஆண்டில் சில பணக்காரர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். போர்டு வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார். ஆனால், ஒன்றரை ஆண்டில் கம்பெனி மூடப்பட்டது. விற்பனைக்கு வந்த வண்டிகள் ஏறத்தாழ இருபதுதான்.

1901-ல் இன்னொரு கம்பெனி. அதிலும் பங்குதாரர்களோடு ஒத்துப்போகவில்லை. சில மாதங்களில் போர்டு விலகினார். அந்தக் கம்பெனிதான் பிறகு கேடிலாக் என்ற பெயரில் பிரபலமானது.

என்ன தகராறு? அந்தக் காலத்தில் கார் என்பது சீமான்களின் பொருள். பணக்காரர் ஒருவர் ஆர்டர் கொடுப்பார். அவர் விருப்பப்படி வண்டி செய்வார்கள். முடிந்தவரை பெரிய விலை வாங்குவார்கள். பணம் போட்டவர்களுக்கு இந்தத் தையல்காரர் வழியே பிடித்திருந்தது.

போர்டுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே மாதிரி வண்டியை நிறையச் செய்து, விலையைக் குறைத்து, சாதாரண மனிதனுக்கு விற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கு ஆள் இல்லை.

வயது நாற்பதை நெருங்கிவிட்டது. இரண்டு கம்பெனி போய்விட்டது. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. பந்தயக் கார் செய்து ஓட்டினார். இரண்டாவது கம்பெனிக்கு முன்பே, 1901 அக்டோபரில், பிரபல கார் முதலாளி வின்டன் என்பவரையே பந்தயத்தில் முந்தியிருந்தார். ஊரெங்கும் பெயர் பரவியது.

கையில் இருந்தது 223 டாலர்!

1903-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி போர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது. நிலக்கரி வியாபாரி மால்கம்சன் என்பவர் முக்கியப் பங்குதாரர். ரொக்கமாகச் சேர்ந்த முதல் 28,000 டாலர்.

எஞ்சினும் அடிச்சட்டமும் வேறு பட்டறையிலிருந்து வாங்கினார்கள். பணம் தண்ணீராய்ச் செலவானது. ஜூலை மாதத்தில் ஒரு நாள் பாங்கியில் மீதி இருந்தது 223 டாலர் 65 சென்ட்தான்! அந்த நேரத்தில் முதல் கார் விற்றது. கம்பெனி பிழைத்தது.

ஆனால், பழைய தகராறு இங்கேயும் தலைதூக்கியது. பணக்காரருக்கான பெரிய கார்தான் லாபம் தரும் என்றார் மால்கம்சன். மலிவான கார்தான் வேண்டும் என்றார் போர்டு. இரண்டையும் செய்து பார்த்தார்கள். 2,800 டாலர் விலையுள்ள பெரிய கார் மந்தமாகப் போனது. சின்னக் கார் சுறுசுறுப்பாக விற்றது.

1906-ல் மால்கம்சன் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். இனிமேல் போர்டு வைத்ததே சட்டம்.

ஒரே மாதிரி!

1908-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி 'டி' மாடல் கார் வந்தது.

உறுதியான எஃகு. கனமில்லாத உடம்பு. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். பழுதானால் விவசாயியே சரிசெய்துகொள்ளலாம். ஐந்து பேர் போகக்கூடிய காரின் விலை 850 டாலர்.

முதல் ஆண்டில் பத்தாயிரத்துக்கு மேல் விற்றது. ஆர்டர்கள் வந்து குவிந்தன. செய்து கொடுக்க முடியாமல், சில காலம் புதிய ஆர்டர் வாங்குவதையே நிறுத்த வேண்டியதாயிற்று!

1909-ல் போர்டு திடீரென்று ஒரு முடிவை அறிவித்தார். இனிமேல் கம்பெனி 'டி' மாடல் ஒன்றைத்தான் செய்யும். வேறு மாதிரி கிடையாது. எல்லாக் காருக்கும் ஒரே அடிச்சட்டம், ஒரே எஞ்சின்.

விற்பனைக்காரர்கள் பதறிப்போனார்கள். ஆளுக்கு ஒரு ரசனை இருக்குமே, ஒரே மாதிரியை எல்லாரும் எப்படி வாங்குவார்கள் என்று அஞ்சினார்கள்.

போர்டின் கணக்கு வேறு. பத்து மாதிரி செய்தால் பத்து வகை அச்சு, பத்து வகை உதிரிப் பாகம் வேண்டும். எந்த மாதிரி எத்தனை விற்கும் என்று பத்து முறை ஊகிக்க வேண்டும். ஒரே மாதிரி என்றால் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: எத்தனை? வாங்க ஆள் இருக்கும்வரை, எத்தனை முடியுமோ அத்தனை! அதற்கு விலை குறைய வேண்டும். விலை குறையக் குறைய வாங்குவோர் பெருகுவார்கள். வாங்குவோர் பெருகப் பெருகச் செலவு குறையும்.

1914 முதல் பல ஆண்டுகள் 'டி' மாடலுக்கு நிறமும் ஒன்றுதான். கறுப்பு!

வேலை ஆளிடம் வந்தது

1910-ல் ஹைலண்டு பார்க்கில் புதிய தொழிற்சாலை திறந்தார்கள். முன்பெல்லாம் கார் ஒரே இடத்தில் நிற்கும். தொழிலாளர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நடப்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

சிகாகோ நகரத்து இறைச்சிக்கூடங்களில் வேறு முறை இருந்தது. மாட்டின் உடல் கொக்கியில் தொங்கியபடி நகரும். ஒவ்வொரு ஆளும் நின்ற இடத்தில் நின்று தன் பங்கு வேலையைச் செய்வான். இதைப் பார்த்து, போர்டின் ஆட்கள் தலைகீழாக யோசித்தார்கள். அங்கே நகர்ந்துகொண்டே ஒன்று பிரிகிறது. இங்கே நகர்ந்துகொண்டே ஒன்று சேரட்டுமே!

1913-ம் ஆண்டில் முதலில் ஒரு சிறு பாகத்துக்கு இந்த முறையைச் சோதித்தார்கள். பிறகு முழுக் காருக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு காரின் அடிச்சட்டத்தைக் கூட்டி முடிக்க முன்பு 12 மணி 28 நிமிஷம் ஆனது. 1914-ல் அதே வேலை 1 மணி 33 நிமிஷத்தில் முடிந்தது!

ஆனால், நாள் முழுவதும் ஒரே திருகை முறுக்கும் வேலை தொழிலாளிக்குச் சலித்தது. வந்தவர்கள் வந்த வேகத்தில் ஓடினார்கள். 14,000 பேர் வேலை செய்யும் இடத்தில், 1913-ம் ஆண்டில் மட்டும் 52,000 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

1914 ஜனவரி 5-ந் தேதி போர்டு கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. நாளுக்கு 9 மணி வேலை இனி 8 மணி. 2 டாலர் 34 சென்டாக இருந்த கூலி இனி 5 டாலர்!

அமெரிக்காவே அதிர்ந்தது. கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆலை வாசலில் திரண்டார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அந்த ஐந்து டாலருக்குக் கம்பெனி நிபந்தனைகளும் வைத்தது. தொழிலாளி ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறாரா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். அதைப் பலர் வெறுத்தார்கள். ஆனாலும் ஓட்டம் நின்றது.

பனிக்காலத்துக் கார்கள்

இனி 'எப்போது' என்ற கேள்வி. குயவருக்கு இருந்த அதே கவலை போர்டுக்கும் வந்தது.

அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்கள் திறந்த கார்கள். அமெரிக்கப் பனிக்காலத்தில் யார் வாங்குவார்கள்? வசந்தம் வந்தால்தான் கூட்டம் வரும். அதற்காகப் பனிக்காலத்தில் ஆலையை நிறுத்தினால் தொழிலாளிக்கு வேலை போகும், இயந்திரம் தூங்கும், வசந்தத்தில் கை போதாது.

ஆகவே, ஆண்டு முழுவதும் ஆலை ஓடட்டும் என்பது போர்டின் திட்டம். செய்த கார்களை ஏஜெண்டுகள் வாங்கிக்கொள்ள வேண்டும். வசந்தம் வரும்வரை வைத்திருந்து விற்க வேண்டும்.

அதாவது கிடங்கு ஏஜெண்டினுடையது. முடங்கும் பணமும் ஏஜெண்டினுடையது. கார் விற்றுக்கொண்டிருந்தவரை ஏஜெண்டுகள் முணுமுணுத்ததோடு சரி. நாட்டில் ஓடிய கார்களில் ஏறத்தாழப் பாதி போர்டு கார் என்ற நிலை வந்தது.

விற்காத கார்கள்

1919-ல் போர்டு ஒரு துணிச்சலான காரியம் செய்தார். மற்ற பங்குதாரர்களிடம் இருந்த பங்குகளையெல்லாம் வாங்கிவிட்டார். விலை 10½ கோடி டாலர்! அதற்காக வாழ்க்கையில் வெறுத்துவந்த பாங்கிக் கடனையும் வாங்கினார்.

அடுத்த ஆண்டே நாட்டில் வியாபாரம் படுத்துவிட்டது. கார் வாங்க ஆள் இல்லை. போர்டு விலையைக் குறைத்தார். அப்படியும் நகரவில்லை. 1921 ஏப்ரலுக்குள் கடனும் வரியுமாக ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம் டாலர் கட்ட வேண்டும். போர்டு மூழ்கப்போகிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

1920 டிசம்பரில் ஆலையை மூடினார். தேவைக்கு மேல் இருந்த டெலிபோன்களைக்கூட எடுத்துவிட்டார். கையில் இருந்த சாமான்களையெல்லாம் கார்களாகச் செய்தார். அந்தக் கார்களை ஏஜெண்டுகளுக்கு அனுப்பிவைத்தார். வந்த காருக்கு ரொக்கம் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஏஜென்சி போய்விடும். பாவம், அவர்கள் தங்கள் ஊர்ப் பாங்கிகளில் கடன் வாங்கிக் கட்டினார்கள். போர்டு பாங்கிக்குப் போகவில்லை. தனக்குப் பதிலாகத் தன் ஏஜெண்டுகளை அனுப்பிவிட்டார்!

அதே நேரத்தில் நல்ல காரியமும் ஒன்று நடந்தது. மூலப்பொருள் உள்ளே வந்து காராகி வெளியே போக அதுவரை 22 நாள் ஆகிக்கொண்டிருந்தது. ரெயில் போக்குவரத்தைச் சீர்படுத்தி அதை 14 நாளாகக் குறைத்தார். சரக்காக முடங்கிக் கிடந்த ஏறத்தாழ 6 கோடி டாலரில் 2 கோடி கைக்கு வந்தது. எட்டு நாளில் அத்தனை பணம் ஒளிந்திருந்தது!

போர்டு தப்பினார். ஆனால், தன் திட்டம் எந்தக் காலத்துக்கும் செல்லும் என்ற நம்பிக்கையும் அவருக்கு வேரூன்றிவிட்டது.

காரை எண்ணிப் பார்த்தவர்

ஜெனரல் மோட்டார்ஸ் என்பது போர்டின் போட்டிக் கம்பெனி. 1923-ல் ஆல்பிரட் ஸ்லோன் அதன் தலைவரானார்.

அவர் வேறு வழியில் போனார். ஏழைக்கு ஒரு கார், நடுத்தரக்காரருக்கு ஒரு கார், சீமானுக்கு ஒரு கார். நிறங்களும் பல. மாதத் தவணையிலும் வாங்கலாம். பழைய காரைக் கொடுத்துப் புதுசும் வாங்கலாம்.

ஆனால், பல மாதிரி செய்தால் எது எத்தனை விற்கும் என்ற தலைவலி உண்டே? 1924-ல் அந்தத் தலைவலி வந்தது. விற்பதைவிட அதிகமாகச் செய்கிறோமோ என்று ஸ்லோனுக்குச் சந்தேகம். ரெயிலேறி ஊர் ஊராகப் போனார். ஏஜெண்டுகளின் இடத்தில் நின்ற கார்களைத் தாமே எண்ணினார். தேவைக்கு மேல் நின்றன! உடனே உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டார்.

அத்தோடு விடவில்லை. பத்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு ஏஜெண்டும் கணக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். எத்தனை கார் விற்றது? எத்தனை மீதி நிற்கிறது? எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆலையில் வேலை கூடும், குறையும்.

போர்டு ஆலையிலிருந்து கடையைப் பார்த்தார். ஸ்லோன் கடையிலிருந்து ஆலையைப் பார்த்தார்.

தந்தையும் மகனும்

போர்டு கம்பெனிக்குப் பெயரளவில் தலைவர் மகன் எட்சல். சாது. அழகு ரசனை உள்ளவர். காலம் மாறுவது அவருக்குத் தெரிந்தது. சாலைகள் நன்றாகிவிட்டன. மக்கள் கையில் பணம் புழங்கியது. முதல் கார் வாங்கியவர் இரண்டாவது கார் வாங்கும்போது, மூடிய கார் வேண்டும், கண்ணுக்கு அழகாக வேண்டும் என்று கேட்டார்.

தந்தை கேட்கவில்லை. 'டி' மாடல் அவருக்கு இன்னொரு பிள்ளை. முன்பு ஒரு முறை அவர் வெளிநாடு போயிருந்த சமயம், ஆட்கள் புதிய மாதிரி ஒன்றைச் செய்து வைத்தார்களாம். திரும்பி வந்து பார்த்த போர்டு ஒரு வார்த்தையும் பேசாமல், அந்தக் காரின் கதவைக் கையாலேயே பிடுங்கி எறிந்தார் என்று சொல்வதுண்டு.

1926 ஜனவரியில் எட்சலின் நெருங்கிய உறவினரும் கம்பெனியின் உயர் அதிகாரியுமான எர்னஸ்ட் கான்ஸ்லர் துணிந்து ஒரு கடிதம் எழுதினார். மிகுந்த மரியாதையோடு, விற்பனை சரிவதையும் புதிய கார் தேவை என்பதையும் எடுத்துச் சொன்னார். பலன்? அந்த ஆண்டிலேயே அவர் கம்பெனியை விட்டுப் போக வேண்டி வந்தது.

போர்டு தனக்குத் தெரிந்த மருந்தையே கொடுத்தார். விலையைக் குறைத்தார். 1925-ல் இருவர் போகும் 'டி' மாடல் 260 டாலருக்கு வந்துவிட்டது. மிகவும் மலிவு! ஆனால், விலையைத் தவிர வேறொன்றையும் மக்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கதவு மூடியது

கடைசியில் 1927-ல் போர்டு பணிந்தார். கதையின் தொடக்கத்தில் பார்த்தோமே, அந்த மே மாதம் 26-ந் தேதி.

இதில் பெரிய வேதனை என்ன தெரியுமா? பழைய கார் நின்றபோது புதிய கார் தயாராக இல்லை! ஆலை முழுவதும் 'டி' மாடல் என்ற ஒரே காருக்காக அமைந்தது. ஒவ்வொரு இயந்திரமும் அந்த ஒரு காரின் ஒரு பாகத்தைத்தான் செய்யும். புதிய கார் வேண்டுமானால், ஆயிரக்கணக்கான இயந்திரங்களை மாற்ற வேண்டும். எது அவருக்கு வேகத்தைக் கொடுத்ததோ அதுவே காலைக் கட்டியது.

சுமார் ஆறு மாதம் கார் உற்பத்தி நின்றது. டெட்ராய்ட் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் தவித்தன. ஏஜெண்டுகளுக்கு விற்கக் கார் இல்லை. அந்த ஆண்டு விற்பனையில் முதல் இடம் ஜெனரல் மோட்டார்சின் செவர்லே காருக்குப் போனது.

1927 டிசம்பர் 2-ந் தேதி போர்டின் புதிய 'ஏ' மாடல் வந்தது. பல நிறம், பல வடிவம். பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1929-ல் போர்டு மறுபடியும் முதல் இடத்தைப் பிடித்தார். ஆனால், அது நெடுநாள் நிலைக்கவில்லை.

விளக்கொளியில்

போர்டின் வாழ்க்கையில் கறைகளும் உண்டு. 1920-களில் அவருடைய பத்திரிகை யூதர்மீது பகையைக் கக்கியது. 1927-ல் அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டார். தொழிற்சங்கத்தை 1941 வரை ஆலைக்குள் அவர் விடவில்லை. 1937-ல் சங்கத்தாரை அவருடைய ஆட்கள் அடித்து உதைத்தார்கள்.

1943-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி மகன் எட்சல் 49 வயதில் இறந்துபோனார். ஒன்றரைக் கோடியாவது காரில் இருவரும் வந்த அதே தேதி. சரியாக 16 ஆண்டு! தள்ளாத வயதில் கிழவர் மறுபடியும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு ஆண்டுக்குப் பின் பேரனிடம் பொறுப்பை விட்டார்.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. மழையில் ஆறு பெருகி, போர்டின் மாளிகையில் மின்சாரம் நின்றுவிட்டது. மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர், மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் எரிந்த வீட்டில் அன்று இரவு கண்ணை மூடினார். வயது 83.

1950-ல் ஜப்பானிலிருந்து டொயோட்டா கம்பெனியின் ஐஜி டொயோடா, போர்டு ஆலையைப் பார்க்க வந்தார். போரில் நொந்த நாடு. செய்து அடுக்கி வைக்க அவர்களிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே, போர்டின் நகரும் வேலைமுறையை எடுத்துக்கொண்டார்கள். அடுக்கி வைப்பதை விட்டுவிட்டார்கள். முன்னால் இருப்பவர் எடுத்த அளவுக்குத்தான் பின்னால் இருப்பவர் செய்ய வேண்டும் என்று விதி வைத்தார்கள். பிறகு உலகமே டொயோட்டாவைப் பார்த்துப் பாடம் படித்தது.

'டி' மாடலின் எண்ணிக்கையை 1972-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கார் முந்தியது. அதுவரை, 45 ஆண்டு, அதை எந்தக் காரும் எட்டவில்லை.

என்ன செய்வது, எத்தனை செய்வது, எப்போது செய்வது? 1909-ல் போர்டு சொன்ன பதில் தங்கமான பதில். லட்சக்கணக்கான குடும்பங்கள் அதனால் கார் ஏறின. ஆனால், பதினெட்டு ஆண்டு அவர் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கவே இல்லை.

பொங்கல்தோறும் குயவர் கேட்டுக்கொள்கிறார், இந்த வருஷம் எத்தனை பானை போகும் என்று. கேட்டுவிட்டுத்தான் மண்ணை மிதிக்கிறார்.